லட்சம் பேருக்குத் தீங்கு நடந்தால் வழக்கு யாருடையது?

எங்கள் தெருவில் ஒரு டெய்லர் அண்ணன் இருந்தார். பைக்கில் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளியதில் வலது கைக் கட்டைவிரல் நசுங்கிவிட்டது. இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார். ஊனச் சான்றிதழில் போட்டிருந்த சதவீதம் ரொம்பக் குறைவு. கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, போனது ஒரு விரல்தானே என்பது எதிர்த்தரப்பு வாதம். சாட்சி சொல்லும் நாளில் அவருடைய வக்கீல் பையிலிருந்து துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து நீட்டி, ‘இதைப் பிடித்துக் காட்டுங்கள்’ என்றார். அண்ணன் பிடித்தார். கத்தரி நழுவி விழுந்தது. நீதிபதி கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததாக அண்ணன் சொல்வார். தீர்ப்பு வந்தபோது, சான்றிதழில் இருந்த சதவீதத்தைவிட மிக அதிகமாக வருமான இழப்பைக் கணக்கிட்டிருந்தார்கள்.

அது நீதிபதியின் இரக்கம் மட்டுமல்ல. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் இதைத் தெளிவாக விளக்கியது: இடது கையை இழந்தவர் அரசு அலுவலகக் குமாஸ்தா என்றால் வேலை போகாமல் இருக்கலாம், அதே கையை இழந்தவர் டிரைவரோ தச்சரோ என்றால் பிழைப்பே போய்விடும். காயம் ஒன்றுதான், இழப்பு ஒன்றல்ல. அதனால் ஆளைப் பார், அவர் தொழிலைப் பார், அப்புறம் கணக்குப் போடு.

தீங்கியல் சட்டம் என்பது இதுதான். வக்கீல்கள் ‘டார்ட்’ என்பார்கள். ஒருவர் வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ இன்னொருவருக்குத் தீங்கு செய்துவிட்டால், பணமாகவாவது அதை ஈடுகட்ட வேண்டும். இருவருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. போலீஸ், ஜெயில் எல்லாம் குற்றவியல், அது வேறு பாதை. இங்கே கேட்பது, அந்தத் தீங்கு நடக்காமல் இருந்திருந்தால் இவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அதற்கு எவ்வளவு பக்கத்தில் இவரைக் கொண்டுவர முடியும் என்பதை.

இந்தச் சட்டத்தின் நவீன வடிவம் ஒரு நத்தையிலிருந்து தொடங்கியதாகச் சட்டக் கல்லூரியில் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். 1928 ஆகஸ்ட் 26, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர். மே டொனஹூ என்ற கடைப் பணிப்பெண்ணுக்கு நண்பர் ஒருவர் ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுத்தார். பழுப்பு நிறப் பாட்டில், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. கொஞ்சம் குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்றார் டொனஹூ. காசு கொடுத்தது நண்பர் என்பதால் கடைக்காரரோடு டொனஹூவுக்கு ஒப்பந்தம் கிடையாது, பானத்தைத் தயாரித்தவரோடு சுத்தமாகக் கிடையாது. ஆனாலும் 1932-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் வழக்கை ஏற்றது. நம் செயலால் யாருக்குப் பாதிப்பு வரும் என்று நியாயமாக முன்கூட்டியே தெரியுமோ அவர்களெல்லாம் சட்டத்தின் கண்ணில் நம் அக்கம்பக்கத்தார், அவர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை என்று நீதிபதி ஆட்கின் எழுதினார். யாரோ முகம் தெரியாத ஆள் செய்த பொருளை வாங்கிச் சாப்பிடும் நம் எல்லோருக்கும் அந்த வரிதான் காவல். (அந்த நத்தை உண்மையிலேயே இருந்ததா என்று கடைசிவரை விசாரணை நடக்கவில்லை; வழக்கு சமரசத்தில் முடிந்தது.)

சரி, பெய்ஸ்லியில் ஒரு பெண், எங்கள் தெருவில் ஒரு கை. ஒரே ராத்திரியில் ஐந்து லட்சம் பேர் பாதிக்கப்பட்டால் என்ன செய்வது? ஒரு நீதிபதி நாளைக்கு ஒரு வழக்கை முடிக்கிறார், வருஷத்துக்கு 200 நாள் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,500 வருஷம் ஆகும். நூறு நீதிபதிகளைப் போட்டாலும் 25 வருஷம். கத்தரியை நீட்டி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் ஆக வேண்டும். சேர்த்த உடனே, வழக்கு யாருடையது என்ற கேள்வி வந்துவிடுகிறது. உலகம் முழுக்கப் பெருந்திரள் தீங்கு வழக்குகளில் இன்று நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

போபால்

1984 டிசம்பர் 2 ராத்திரி, மறுநாள் பிறக்கும் நேரம். போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் தொட்டி ஒன்றிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வாயு வெளியேறியது. ஆலையை நடத்தியது யூனியன் கார்பைடு இந்தியா என்ற இந்தியக் கம்பெனி. அதன் பங்குகளில் பாதிக்குச் சற்று மேல் அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் கையில் இருந்தது.

சில நாட்களிலேயே அமெரிக்க வக்கீல்கள் போபாலில் வந்திறங்கி, வழக்குப் போட மக்களிடம் கைநாட்டு வாங்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு 1985 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்ட எல்லோருடைய சார்பிலும் வழக்காடும் உரிமை இனி மத்திய அரசுக்கு மட்டும்தான். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு அரசே பெற்றோர் என்ற பழைய கோட்பாட்டை இதற்கு ஆதாரமாகச் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான் என்று நானும் நம்புகிறேன். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் ஒரு பெண், அமெரிக்காவின் பெரிய ரசாயனக் கம்பெனியோடு தனியாக மோத முடியுமா? ஆனால் அதே அரசின் நிதி நிறுவனங்கள் அந்த இந்தியக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தன. ஆலைக்கு உரிமம் கொடுத்ததும் அரசுதான். பெற்றோர் என்று வந்தவர் மேலேயே புகார் இருந்தது.

இந்திய அரசு முதலில் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே, இவ்வளவு பெரிய வழக்கை எங்கள் நாட்டு நீதிமன்றங்களால் தாங்க முடியாது என்று வாதாடியது இந்திய அரசு. இந்திய நீதிமன்றங்கள் இதை நன்றாகவே நடத்தும் என்று வாதாடியது அமெரிக்கக் கம்பெனி. நீதிபதி ஜான் கீனன் 1986 மே மாதம் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, வழக்கை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார். போபால் மாவட்ட நீதிமன்றம் இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை 250 கோடியாகக் குறைத்தது. அதன் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, 1989 பிப்ரவரி 14 அன்று, மொத்த வழக்குமே ஒரே உத்தரவில் முடிந்துபோனது. 47 கோடி டாலர். அரசு கேட்டிருந்தது 330 கோடி டாலர். குற்ற வழக்குகளும் அதோடு சேர்த்து ரத்து.

பாதிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு வெடித்தது. அந்தத் தனிச் சட்டம் செல்லும் என்று அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், சமரசத்துக்கு முன்னால் அந்த மக்களின் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்பதையும் ஒத்துக்கொண்டது. ஆனால் சமரசத்தைக் கலைக்கவில்லை. 1991 அக்டோபரில் மறுஆய்வு வந்தபோது குற்ற வழக்குகளை மட்டும் மீண்டும் உயிர்ப்பித்தது. பணம் பற்றாமல் போனால் மத்திய அரசே மிச்சத்தைக் கொடுக்கட்டும் என்றது.

நீதிமன்றம் சொன்ன காரணத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், வழக்கு முடிய இன்னும் எத்தனை வருஷமோ, இப்போதே கிடைக்கும் பணம் நாளைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய தீர்ப்பைவிட மேல் என்பது அந்தக் காரணம். கையில் ஒன்றும் இல்லாதவருக்கு அது லேசான விஷயம் இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்த முடிவை எடுத்தவர் அவர் இல்லை. தொகையும், இறந்தவர்கள் சுமார் 3,000 பேர் என்ற கணக்கை வைத்துப் போடப்பட்டது. பிற்பாடு இழப்பீட்டு நீதிமன்றங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு மனுவாகப் பார்த்தபோது 5,000-க்கு மேற்பட்ட மரணங்களுக்கும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட காயங்களுக்கும் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. பெட்டி பூட்டியாகிவிட்டது, கை நீட்டுபவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள்.

காயம்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். அதிலிருந்து, ஏற்கெனவே மாதம் 200 ரூபாயாகக் கொடுத்துவந்த இடைக்கால நிவாரணத்தையும் கழித்துக்கொண்டார்கள். நுரையீரல் போன சுமைதூக்கும் தொழிலாளி இனி மூட்டை தூக்க முடியாது. அதே அளவு நுரையீரல் போன எழுத்தர் ஒருவேளை சமாளித்துவிடலாம். டெய்லர் அண்ணனின் கையை நீதிபதி பார்த்த மாதிரி இவர்களை யாராவது பார்த்திருந்தால் இருவருக்கும் ஒரே தொகை வந்திருக்காது. 2004-ல் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த சுமார் 1,500 கோடி ரூபாயைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. டாலராகக் கிடந்த பணம் வட்டியோடும் ரூபாயின் சரிவோடும் சேர்ந்து அந்த அளவுக்கு வளர்ந்திருந்தது. 15 வருஷமாக அந்தப் பணம் வளர்ந்துகொண்டிருந்த அதே ஊரில்தான் இந்த மக்கள் மருந்துக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

போபாலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை நடந்தது. 1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் உர ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில், 1986 டிசம்பரில், தலைமை நீதிபதி பி.என்.பகவதியின் அமர்வு ‘முழுப் பொறுப்பு’ என்ற கோட்பாட்டைக் கொண்டுவந்தது. ஆபத்தான தொழிலை நடத்தி லாபம் பார்க்கிறவர், விபத்து எப்படி நடந்தது என்றாலும் பொறுப்பு. கடவுளின் செயல், மூன்றாம் ஆளின் சதி என்று எந்தச் சாக்கும் எடுபடாது. இங்கிலாந்தின் 1868-ஆம் ஆண்டுப் பழைய விதியில் இருந்த ஓட்டைகளை எல்லாம் இது அடைத்தது. கம்பெனி எவ்வளவு பெரியதோ இழப்பீடும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. போபாலில் ஏதோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தண்ணீரை விட்டுவிட்டார் என்பது கார்பைடின் வாதம். இந்தக் கோட்பாட்டின்படி அந்த வாதத்துக்கு இடமே இல்லை. ஆனால் சமரசம் வந்துவிட்டதால், போபாலை மனத்தில் வைத்தே செதுக்கப்பட்டதாகப் பலரும் கருதும் அந்த விதி போபாலில் சோதிக்கப்படவே இல்லை.

மணி கட்டிய ஆடு

அமெரிக்காவில் அரசு வந்து வழக்கை எடுத்துக்கொள்வதில்லை. அங்கே வேறு ஏற்பாடு. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடு முழுக்கப் பல கூட்டாட்சி நீதிமன்றங்களில் கிடக்கும் ஒரே மாதிரி வழக்குகளை, விசாரணைக்கு முந்திய வேலைகளுக்காக, ஒரே நீதிபதியிடம் குவிக்கலாம். ஆயிரக்கணக்கான வழக்குகள் ஒரு மேஜைக்கு வரும். காகிதத்தில் ஒவ்வொன்றும் தனி வழக்கு, ஒவ்வொருவருக்கும் தனி வக்கீல். இன்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நிலுவையில் இருக்கும் உரிமையியல் வழக்குகளில் பாதிக்கும் மேல் இப்படிக் குவிக்கப்பட்டவைதான்.

அந்த நீதிபதி எல்லாவற்றையும் விசாரிக்க முடியாதே? அதனால் சில வழக்குகளை மட்டும் எடுத்து முன்னோட்டமாக விசாரிப்பார்கள். மந்தையில் முன்னால் போகும் கிடாயின் கழுத்தில் மணி கட்டியிருப்பார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டு மற்ற ஆடுகள் பின்னால் போகும் அல்லவா? ஆங்கிலத்தில் அந்த ஆட்டின் பெயரைத்தான் இந்த வழக்குகளுக்கு வைத்திருக்கிறார்கள். முன்னோட்டத் தீர்ப்புகளைப் பார்த்து இரண்டு தரப்பும் ஒரு விலைக்கு வந்துவிடும். ராணுவத்தினர் போட்ட காது அடைப்பான் சரியில்லாமல் செவித்திறன் போனதென்று 3எம் கம்பெனியின் மேல் லட்சக்கணக்கான முன்னாள், இந்நாள் வீரர்கள் போட்ட வழக்குகளில் 16 முன்னோட்ட விசாரணைகள் நடந்தன. பத்தில் வீரர்கள் ஜெயித்தார்கள். 2023 ஆகஸ்டில் சுமார் 600 கோடி டாலருக்குச் சமரசம்.

வேலை நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏட்டளவில் ஊருக்குத் திரும்பிப்போய் விசாரணைக்கு வர வேண்டிய அந்த வழக்குகள் திரும்பிப் போவதே அபூர்வம். வழக்குப் போட்டவர் பலர் தன் வக்கீலை ஒருமுறைகூட நேரில் பார்த்திருக்க மாட்டார். தலைமை வக்கீல் குழுவை நீதிபதி நியமிப்பார், பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே சில அலுவலகங்கள். கடைசியில் ஒரு புள்ளிமுறை அட்டவணை வரும்: உன் நோய் இது, வயசு இது, ஆகவே தொகை இது.

இன்னொரு தலைவலி காரணத்தை நிரூபிப்பது. லாரி இடித்தது, விரல் போனது. அங்கே சந்தேகம் இல்லை. ரசாயனத்தில் இரண்டு கேள்விகள் வரும். இந்தப் பொருள் பொதுவாகப் புற்றுநோய் உண்டாக்குமா? உண்டாக்கும் என்றாலும், இந்த அம்மாவுக்கு வந்தது இதனால்தானா, இல்லை சும்மாவே வந்திருக்குமா? வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லி வழக்கில், அமெரிக்கப் படைவீரர்கள் இந்த இரண்டாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார்கள். 1984-ல் விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் 18 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. சமரசத்தை ஏற்காமல் தனியாக நின்றவர்களின் வழக்குகளை, காரணத்துக்குச் சான்று போதாது என்று அதே நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன் தள்ளுபடி செய்தார்.

ஆஸ்பெஸ்டாஸ் இதைவிடக் கொடுமையானது. தூசியைச் சுவாசித்து 20, 30, 40 வருஷம் கழித்துக்கூட மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரும். ஆக, எந்த நாளிலும் இரண்டு கூட்டம் இருக்கும்: ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவர்கள், நாளைக்கு நோய்வாய்ப்படப் போகிறவர்கள். முதல் கூட்டத்துக்கு இப்போதே முழுப் பணமும் வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு, பணம் தீர்ந்துவிடக் கூடாது. 1997-ல் ஒரு பிரம்மாண்டமான ஆஸ்பெஸ்டாஸ் சமரசத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்துக்காகவே தள்ளியது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பிரதிநிதி பேச முடியாது என்றது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த தீர்ப்பு இது. இன்னும் இருமத் தொடங்காத ஒருவருக்காக, அவர் யார் என்றே தெரியாமல், நாற்காலி போட்டு வைத்த தீர்ப்பு.

மஞ்சள் கடிதாசி

நாற்காலி போட்டால் போதுமா, பணம்? ஆஸ்பெஸ்டாஸ் தயாரிப்பில் முன்னணியில் இருந்த ஜான்ஸ்-மேன்வில் கம்பெனி 1982-ல் திவால் மனுப் போட்டது. வழக்கு மேல் வழக்காக வந்துகொண்டே இருக்கும், எல்லாவற்றையும் ஒரு அறக்கட்டளைக்குத் தள்ளிவிட்டு நாங்கள் தொழிலைத் தொடர்கிறோம் என்றது. நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 1994-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆஸ்பெஸ்டாஸுக்கு மட்டும் இந்த வழியைச் சட்டமாகவே ஆக்கியது. மேன்வில் அறக்கட்டளை 1995-லேயே, ஒவ்வொரு கோரிக்கையின் மதிப்பிலும் நூற்றுக்கு பத்து மட்டும்தான் கொடுக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

அங்கே கம்பெனிக்குக் கடன் சுமை நிஜம். இப்போதைய சண்டை, தெம்பாக இருக்கும் கம்பெனிகள் இதே கதவில் நுழையலாமா என்பது.

நம் ஊரில் ஒருவர் மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டார் என்றால் கடன்காரர்கள் தலையில் கை வைப்பார்கள். இப்படிக் கற்பனை செய்யுங்கள்: கொழுத்த குடும்பம் ஒன்று வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்புகிறது. நிலம், நகை, கடை எல்லாம் அந்தப் பக்கம். கடன் நோட்டு மட்டும் இந்தப் பக்கம். அப்புறம் இந்தப் பக்கத்து ஆள் மட்டும் மஞ்சள் கடிதாசி கொடுக்கிறார். டெக்சஸ் மாநிலச் சட்டத்தில் ஒரு கம்பெனி தன்னை இப்படி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பதால் வக்கீல்கள் இதை டெக்சஸ் நாட்டியம் என்ற பொருளில் பெயர் வைத்து அழைக்கிறார்கள்.

ஜான்சன் அண்ட் ஜான்சன் இதைச் செய்தது. அதன் டால்கம் பேபி பவுடரில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அதனால் சினைப்பைப் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் வந்தன என்று பல்லாயிரம் பேர் வழக்குப் போட்டார்கள். பவுடர் பாதுகாப்பானது, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்பது கம்பெனியின் இன்றுவரையிலான நிலைப்பாடு. 2018-ல் செயின்ட் லூயிஸ் நகரின் ஜூரி 22 பெண்களுக்கு 469 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது 200 கோடிக்குச் சற்று மேலாகக் குறைந்தது. 2021 அக்டோபரில் கம்பெனி டால்க் வழக்குகளை மட்டும் சுமக்கும் புதுக் கம்பெனி ஒன்றைப் பிரித்தெடுத்து, சில நாட்களில் அதற்குத் திவால் மனுப் போட்டது. வழக்குகள் எல்லாம் அப்படியே நின்றன. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பின்னால் 6,150 கோடி டாலர் வரை கொடுக்கத் தாய்க் கம்பெனி இருக்கும்போது இது என்ன திவால் என்று கேட்டுத் தள்ளுபடி செய்யச் சொன்னது. அந்த ஏப்ரலில் தள்ளுபடி ஆன சில மணி நேரத்தில், 890 கோடி டாலர் தருகிறோம் என்று இரண்டாவது மனு வந்தது. அதுவும் ஜூலையில் தள்ளுபடி. 2024 செப்டம்பரில் இன்னொரு புதுக் கம்பெனியின் பெயரில் ஹூஸ்டனில் மூன்றாவது மனு. 2025 மார்ச் 31 அன்று அதுவும் தள்ளுபடி. கம்பெனியின் திட்டத்தை ஏற்கிறார்களா என்று வழக்குப் போட்டவர்களிடம் ஓட்டெடுப்பு நடத்திய விதத்திலேயே கோளாறு இருப்பதாக நீதிபதி கண்டார்.

கம்பெனியின் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. ஜூரி முறையில் ஒருவருக்கு லாட்டரி மாதிரி கோடிகள் விழும், அதே நோய் வந்த அடுத்தவருக்கு ஒன்றும் வராது. திவால் நீதிமன்றத்தில் எல்லோருக்கும் சீராக, சீக்கிரமாகக் கிடைக்கும். நிஜமாகவே சீராகக் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் வழக்குகள் நின்றுபோன மாதங்களில் சினைப்பைப் புற்றுநோய் நிற்கவில்லை. தன் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் இறந்துபோனவர்கள் உண்டு. திவாலாகாத ஒரு கம்பெனிக்காக அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

பர்டியூ பார்மா விஷயத்தில் மனசு இவ்வளவு தெளிவாக இல்லை. ஆக்சிகான்டின் வலி மாத்திரை மூலம் ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மருந்துகளுக்கு மக்கள் அடிமையான அமெரிக்கப் பேரழிவில் பெரும் பங்கு வகித்த கம்பெனி அது. உரிமையாளர்களான சாக்லர் குடும்பம் கம்பெனியிலிருந்து சுமார் 1,100 கோடி டாலரை வெளியே எடுத்திருந்தது. கம்பெனி திவாலானது, குடும்பம் திவாலாகவில்லை. 600 கோடி டாலர் வரை தருகிறோம், பதிலுக்கு இனி யாரும் எங்கள் மேல் வழக்குப் போடக் கூடாது என்றார்கள் சாக்லர்கள். ஓட்டுப் போட்ட பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சரி என்றார்கள். சிலர் முடியாது என்றார்கள். 2024 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒப்பந்தத்தை உடைத்தது. தன்னைத் திவால் என்று அறிவிக்காத ஒருவருக்கு, ஒப்புக்கொள்ளாதவரின் வழக்குரிமையையும் பறித்துக்கொடுத்துக் காப்பாற்ற திவால் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி கோர்சச் எழுதினார். லட்சத்துக்கு மேற்பட்ட ஓபியாய்டு குடும்பங்களுக்கு இது பேரிடி என்று நீதிபதி கவனா மறுப்புத் தீர்ப்பு எழுதினார்.

இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டவர்கள் பெயரில்தான் பேசுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், பணம் வரட்டும், சிகிச்சை மையங்களாவது வரட்டும் என்கிறாள். இன்னொரு தாய், அவர்களை ஒருநாளாவது கூண்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்கிறாள். முதல் தாய்க்காக இரண்டாவது தாயின் வழக்கை வாங்கிக்கொள்ளலாமா? கூடாது என்பதே என் எண்ணம், கொஞ்சம் தயக்கத்தோடுதான். பிறகு நடந்தது அந்தத் தயக்கத்தைக் குறைத்தது. திரும்பப் பேரம் பேசியதில் மொத்தம் சுமார் 740 கோடி டாலருக்குப் புதுத் திட்டம் வந்தது. ஒப்புக்கொள்ளாதவர் சாக்லர்கள் மேல் வழக்குத் தொடரும் உரிமையும் பிழைத்தது. 2025 நவம்பரில் நீதிமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

நம் பக்கம்

அமெரிக்காவில் வக்கீல் ஜெயித்தால்தான் பணம் வாங்குவார், அதுவும் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு. அதனால் ஏழைக்கும் வக்கீல் கிடைக்கிறார். கூடவே, வழக்கை முதலீடாகப் பார்த்துப் பணம் போடும் நிதிக் கம்பெனிகளும் வந்துவிட்டன. அது பெரிய விவாதம், தனியாக எழுத வேண்டியது. இந்தியாவில் வக்கீல் வழக்கின் பலனில் பங்கு வாங்குவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. ஆகவே இங்கே பெருந்திரள் தீங்கு என்றால் மக்கள் சங்கம் சேர்த்து உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போகிறார்கள்.

கொடைக்கானல் அப்படித்தான். ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001-ல் வெளியே வந்து, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதரசத்தால் தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்பது கம்பெனியின் வாதம். 2016 மார்ச்சில் 591 பேரோடு சமரசம் ஆனது. தொகையை வெளியே சொல்லவில்லை. பதினைந்து வருஷம். ஆனால் போபாலைப் போல யாரோ இவர்கள் சார்பில் கையெழுத்துப் போடவில்லை. சமரசப் பேச்சில் தொழிலாளர் சங்கமே ஒரு தரப்பாக இருந்தது.

மறுபடி போபாலுக்கு வருகிறேன். கூடுதலாக 7,844 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசு 2010-ல் சீராய்வு மனுப் போட்டது. சமரசம் முடிந்து முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து அதைத் திரும்பத் திறக்க முடியாது என்று, 2023 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு பழைய உத்தரவு பற்றி வருகிறது. 1991-லேயே நீதிமன்றம், இன்னும் நோய் வெளியே தெரியாதவர்களையும் இனிமேல் பிறக்கப்போகும் குழந்தைகளையும் நினைத்து, ஒரு லட்சம் பேருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்து வைக்கச் சொல்லியிருந்தது. 32 வருஷம் கழித்து நீதிபதிகள் விசாரித்துப் பார்த்தால், அரசு அந்தக் காப்பீட்டை எடுக்கவே இல்லை.